முடக்க ஆணை

இணையத் தடைப் பிரிவின் அதிகாரி கோப்பைத் திறக்காமலே, "சுருக்கமா சொல்லும்மா" என்றார்.

உதவியாளர் சொன்னாள். "ஒரு ஆள் தினமும் ஒரு சின்னப் பொண்ணோட படத்தைப் போடறான் சார். தூங்கறது, அழறது, யூனிஃபார்ம்ல நிக்கறது. எந்த பஸ்ல ஏறுவாங்கறது வரைக்கும் இருக்கு. வேண்டாம்னு அவ கெஞ்சியும் கேக்கலையாம். அவளேதான் புகார் குடுத்திருக்கா. பக்கத்தைப் பாக்கறீங்களா?"

"அந்தக் கருமத்தை நான் வேற பாக்கணுமா? எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. கொண்டா."

கையெழுத்துப் போட்டார்.

மாலையில் கிளம்பும்போது, மகள் அழுதுகொண்டே பல் தேய்க்கும் படத்தை எத்தனை பேர் ரசித்திருக்கிறார்கள் என்று பார்க்கக் கைபேசியில் தன் பக்கத்தைத் திறந்தார்.

'குழந்தைகளின் பாதுகாப்பு கருதி இப்பக்கம் முடக்கப்பட்டுள்ளது' என்றது திரை. கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது.

வீட்டுக்குப் போன் செய்தார். மகள்தான் எடுத்தாள்.

"புகார் குடுத்தது நீயா? அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அப்பாகிட்ட நூறு தடவை சொல்லிட்டேன்ப்பா. அதான் அதிகாரிகிட்ட சொன்னேன்."