பின் சீட்டு

"பின் சீட்டைக் கழட்டிட்டுப் பெட்டி கட்டுற மாதிரி கம்பி மாட்டிடுப்பா. ஆறாயிரம் கிலோமீட்டர் போகணும்," என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர், தன் பழைய மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு.

மெக்கானிக் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டுச் சீட்டையே பார்த்தான். இருபது வருஷமாக அந்த சீட்டில் அவர் மனைவியைத்தான் பார்த்திருக்கிறான். நாலு மாதம் முன்பு அந்த அக்கா ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டான். போய்ப் பார்க்கத்தான் நேரம் ஒழியவில்லை.

"அக்கா...?"

"அந்தப் பேச்சை விடுப்பா. இனிமே அவ பின்னால உட்காரப் போறதில்ல."

ஒரு நடை எட்டிப் பார்க்காமல் போனோமே என்று மனசு அடித்துக்கொண்டது. குனிந்து நட்டுகளைக் கழற்றினான்.

வாசலில் ஒரு புது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே இறங்கினாள் அக்கா.

"இன்னும் முடியலையா? ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவே முடிவு பண்ணிட்டேன் தம்பி. இத்தனை வருஷம் இவர் முதுகைப் பார்த்தது போதும், இனிமே நானே ஓட்டி ரோட்டைப் பார்க்கணும்னு."

"சொன்னா கேக்கறாளா பாரு," என்றார் தபால்காரர்.

அக்கா மெக்கானிக்கை உற்றுப் பார்த்தாள். "என்ன தம்பி, கண்ணு கலங்கியிருக்கு?"

"பெட்ரோல் தெறிச்சிடுச்சுக்கா," என்றான் அவன்.