மைனா மாற்றிய கூடு

தோகையை இறகு இறகாய் உதிர்த்து ஆடும் ஆட்டத்துக்கு லைசென்ஸ் கேட்டு மயில் ஆமையிடம் போனது. அந்தக் காட்டில் ஆமைதான் அதிகாரி.

"இது பெரியவங்க பார்க்கிற ஆட்டம். குஞ்சு இருக்கிற கூட்டுக்குப் பக்கத்துல ஆடக்கூடாது," என்றது ஆமை.

"பக்கம்னா எவ்வளவு தூரம் ஐயா?"

"நான் நடந்து களைச்சுப்போற தூரம்."

மயில் காட்டைத் தாண்டி, ஒற்றை மரம் நிற்கும் பாறை வெளியைப் பிடித்தது. ஆமை கடைசிக் கூட்டிலிருந்து நடந்து வந்து, மரத்தடியில் மூச்சு வாங்கி, லைசென்ஸ் கொடுத்தது.

ஆட்டம் களைகட்டியது. மைனா தினமும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது.

ஒருநாள் ஆமை மறுபடி வந்தது. "இந்த மரத்துல கூடு இருக்குன்னு புகார். ஆட்டத்தை நிறுத்து."

"நான் வந்தப்போ இங்க ஒரு கூடும் இல்லையே ஐயா."

"இப்ப இருக்கே."

மயில் அண்ணாந்து பார்த்தது. கூட்டிலிருந்து மைனா எட்டிப் பார்த்தது.

"புகார் கொடுத்தது நீயா?"

"குஞ்சுங்க கண்ணைத் திறந்துடுச்சு, மயிலண்ணே. பெத்தவ நான் சும்மா இருக்க முடியுமா?"

"அப்ப இங்க ஏன் கூடு கட்டின?"

"ஆட்டம் பார்க்க தினமும் அவ்வளவு தூரம் பறந்து வர முடியலை."

மயிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆமையைப் பார்த்தது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கிக்கொண்டு மயில் கிளம்பியது. மைனா கொஞ்ச தூரம் பின்னாலேயே பறந்து வந்தது.

"அண்ணே, புது இடத்துல மரம் இருக்குமா?"