இரண்டு தட்டு

மகள் பயிற்சிக்கூடத்துக்கு வந்து மெத்தையில் கால் வைத்ததும் மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டை சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர் அவர். பெற்ற பெண்ணோ, "கட்டிப் புரள்றதெல்லாம் ஒரு வித்தையாப்பா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள்.

"கீழ தள்ளி மேல ஏறி உக்காந்துட்டா எப்படித் தப்பிக்கிறது? அதை மட்டும் சொல்லிக் குடுங்கப்பா."

"கல்யாணம் ஆனதும் புத்தி வந்துடுச்சே! எல்லாம் மாப்பிள்ளை சகவாசம்" என்று சிரித்தார். மாப்பிள்ளை அவரிடம் வித்தை கற்றவர்களிலேயே கெட்டிக்காரர்.

ஒரு மாணவியைக் கூப்பிட்டு மகளின் வயிற்றின் மேல் உட்கார வைத்தார்.

"அவ கையை மார்போட அணைச்சுப் பிடி. அதே பக்கத்துக் காலை உன் காலால பூட்டு. இப்ப இடுப்பைத் தூக்கிப் புரட்டு!"

மகள் தூக்கினாள். மாணவி அசையவில்லை. மறுபடியும் தூக்கினாள். மூச்சு வாங்கியதுதான் மிச்சம், கண் கலங்கிவிட்டது.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? முடியலைன்னா ரெண்டு தட்டு தட்டு. எப்பேர்ப்பட்ட முரடனும் விட்டுடணும், அதுதான் இங்க சட்டம். நம்ம மாப்பிள்ளையையே பாரு. எதிராளி தட்டினா போதும், நெருப்பைத் தொட்ட மாதிரி கையை எடுத்துடுவார். அந்தக் குணத்தைப் பார்த்துத்தானே உன்னைக் கட்டிக் குடுத்தேன்!"

மாணவி இறங்கிய பிறகும் மகள் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே அப்பாவைப் பார்த்தாள்.

"வீட்டுல தட்டினா விடமாட்டேங்கிறார்ப்பா."