தளபதியின் தேநீர்

மைசூருவில் மாடிவீட்டு ஏசுதாஸ், பேரனின் ஞானஸ்நானத்துக்கு வெட்டிய கேக்கைக் கொண்டுவந்து நீட்டினார். முன்னாள் தளபதி கதிரோன் வேண்டாம் என்று தலையாட்டினார்.

“சுகரா சார்? டீயிலகூட சர்க்கரை போட மாட்டேங்கறீங்களே.”

“சுகர் இல்லை. துரோகம்.”

இலங்கை உள்நாட்டுப் போரின் கடைசி நாளைச் சொன்னார் கதிரோன். ராணுவம் சூழ்ந்துவிட்டது. உயிரோடு பிடிபடக் கூடாது என்பது இயக்கத்தின் கட்டளை. கழுத்தில் தொங்கிய விஷக்குப்பியைக் கடித்தார். நாக்கு இனித்தது.

“என்ர சொல்லைக் கேட்டு என்ர பெடியள் எல்லாரும் கடிச்சுச் செத்தவங்கள். நான் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு போனன். ஆரோ எனக்குச் சீனியை நிரப்பித் தந்திட்டாங்கள்.”

ஏசுதாஸ் கேக்கை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். கதிரோனின் மனைவி வதனி கதவைச் சாத்தினாள்.

“அது என்ர குப்பி. எங்கட கலியாணத்தில, இயக்க வழக்கப்படி, ஆளுக்காள் மாத்திக் கட்டினமே. எனக்குச் சாகப் பயம். அதுக்கு முதலே நஞ்சைக் கொட்டிப்போட்டுச் சீனி நிரப்பி வச்சிருந்தனான்.”

கதிரோன் அவள் பக்கம் திரும்பினார். “இத்தனை வருசமா துரோகியைத் தேடினன். என்ர குசினிக்குள்ளயே இருந்திருக்கிறாய்.”

வதனி அடுப்படிக்குப் போய் இரண்டு கோப்பைகளில் தேநீர் ஊற்றினாள். இரண்டிலும் சீனி போடவில்லை.

“அண்டைக்குப் பயத்தை விட்டிட்டு நானும் கடிச்சனான், நீங்கள் கட்டிவிட்ட குப்பியை. அதுவும் இனிச்சது,” என்றாள். “நான் ஏன் சீனி போடுறேல்லை எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை.”