சம்பந்தி அனுப்பிய பாட்டு

பூட்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தையல்காரர் வீட்டு முன்னறைக்குள் போய், போனைத் துணி வெட்டும் மேசை மேல் வைத்தார். வைத்தார் என்ன, போட்டார்.

"இதுக்கு என்ன அர்த்தம், சம்பந்தி?"

தையல்காரர் வாயில் குண்டூசிகள். பதில் சொல்ல முடியவில்லை. குனிந்து பார்த்தார்.

திரையில் ஒரு பெரிய பொம்பளை, வயிற்றில் கத்திக்குத்து வாங்கிக்கொண்டு, பாடிக்கொண்டிருந்தாள்.

குத்துப்பட்டவள் ஐயோ என்று விழ வேண்டாமோ? இவள் மூச்சு விடாமல் பாடுகிறாள். குத்தினவன் பக்கத்திலேயே நின்று எதிர்ப்பாட்டுப் பாடுகிறான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு நாதி இல்லை.

இது இன்றைக்கு வந்தது. அதற்கு முன்னால் வந்ததில் கறுப்பு உடுப்பில் ஒரு பெருங்கூட்டம். வரிசை வரிசையாக நின்று எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். எதிரே ஒருத்தன் குச்சியை ஆட்டி ஆட்டி மிரட்டினான். யார் செத்துப்போனது என்று இவர் சொந்தக்காரர்களை ஒவ்வொருத்தராக எண்ணிப் பார்த்தார்.

தினம் காலையில் ஒன்று. சம்பந்தி நம்பரிலிருந்து. கூட ஒரு வார்த்தை கிடையாது.

எதை அமுக்கினால் எது பறிபோகுமோ என்று, வந்ததும் மகளிடம்தான் நீட்டுவார். அவள் ஜன்னல் பக்கம் போய் நின்று முழுசாகப் பார்ப்பாள். திரும்பி வந்து, "ஒண்ணுமில்லப்பா, ஓபரா," என்பாள். ஓபரா என்றால் என்ன என்று கேட்டால், "வெள்ளைக்காரங்க பாட்டு நாடகம்தான்" என்பாள். வேறு யார் கையிலும் அவர் போனைக் கொடுப்பதில்லை. சாயங்காலமானால் அவளே சார்ஜ் போட வாங்கிக்கொள்வாள்.

பாட்டு அனுப்பும் நேரமா இது? அவள் புருஷனோடு கோபித்துக்கொண்டு பெட்டியோடு வந்து ஒரு மழைக்காலமே போய்விட்டது. நாளைக்கு வக்கீல் ஆபீசில் கையெழுத்து. ஒரேயடியாகப் பிரித்துவிடும் கையெழுத்து. "அவன் நம்பர் இனி இந்த வீட்டுல அடிக்கக் கூடாது" என்று பக்கத்தில் நின்று மகள் போனில் மருமகன் நம்பரை அடைக்க வைத்ததே இவர்தான். எல்லாவற்றையும் இழுத்துப் பூட்டியாகிவிட்டது. பின்னே எந்தச் சந்து வழியாக இது வருகிறது? கத்தி என்றால் மிரட்டலா? கறுப்புத்துணி என்றால் சாபமா?

தையல்காரர் குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சில் குத்தினார். வேண்டுமென்றே மெதுவாகச் செய்வது போலிருந்தது.

"நானே உங்க வீட்டுக்கு வந்து கேக்கணும்னு இருந்தேன். நீங்க எதுக்கு எனக்கு இதையெல்லாம் அனுப்புறீங்க?"

"நானா? எனக்கு அனுப்பத் தெரிஞ்சா பஸ் ஏறி எதுக்கு வரேன்?"

"எனக்கு மட்டும் தெரியுமா? பேசுறதோட சரி. மத்தபடி என்ன வந்தாலும் பையன்கிட்ட நீட்டி, இது என்னடா பாருன்னு..."

அதோடு நிறுத்திவிட்டார்.

துணிக்குவியலுக்கு அடியில் கையை விட்டுத் தன் போனை எடுத்தார். சாக்பீஸ் தூள் ஒட்டிய விரலால் தேய்த்துத் தேய்த்து ஒரு இடத்தில் நிறுத்தினார்.

மேலே பூட்டுக்காரர் முகம். பல்வலிக்காரன் மாதிரி முறைத்துக்கொண்டு. மகள் எடுத்த படம்.

கீழே ஒரு ஓரத்தில் குத்துப்பட்ட பொம்பளை. அதற்கு மேலே எதிர் ஓரத்தில், மெழுகுவத்தி பிடித்துப் பாடும் பிள்ளைகள். அதற்கும் மேலே கறுப்பு உடுப்புக் கூட்டம். திரும்ப எதிர் ஓரத்தில், மாடியிலிருந்து ஒருத்தி, கீழேயிருந்து ஒருத்தன்.

பிள்ளைகளையும் மாடிக்காரியையும் பூட்டுக்காரர் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் முகம் போட்ட நம்பரிலிருந்துதான் வந்திருக்கின்றன.

"என் போன்ல எவனோ புகுந்துட்டான்," என்றார். குரலில் பாதி பலம்தான் இருந்தது.

தையல்காரர் வேறெதையோ சொன்னார்.

"கல்யாணமான புதுசுல ஒரே ஒயர்ல ஆளுக்கொரு காது மாட்டிக்கிட்டு, ரெண்டும் இந்தக் கூச்சலத்தான் கேக்கும். அந்தா, அந்த ஜன்னல்கிட்ட நின்னு."

பூட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒரு பொத்தான் டப்பாதான் இருந்தது.

"முதல்ல வந்தது எது? அதைக் காட்டுங்க."

தையல்காரர் மேலே மேலே தேய்த்தார். பாட்டுகள் முடிந்த இடத்தில் ஒன்றே ஒன்று நின்றது. எந்த ஓரம் என்று இரண்டு பேரும் தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள்.

பூட்டுக்காரர் பக்கம்.

தையல்காரர், "நாளைக்கு வக்கீல்..." என்று இழுத்தார்.

"பாப்போம்," என்றார் பூட்டுக்காரர். போனைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

வீட்டில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எங்கே போனீங்க என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் போனை அவள் மடியில் வைத்தார்.

"சார்ஜ் இறங்கிப்போச்சு. போட்டு வை."

அவள் திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பிச் செருப்பைத் தேடுவது போல நின்றார். செருப்பு காலில்தான் இருந்தது.

"அந்தக் குத்துப்பட்டவ கடைசியில பொழச்சாளா இல்லையா? எனக்கு ஒண்ணும் புரியல. தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுச் சொல்லு."

சாயங்காலமாக இன்னும் வெகுநேரம் இருந்தது. போனில் சார்ஜ் நிறையவே இருந்தது.