செவ்வாய்க்குப் போகிற கண்

“எறங்கும்போது எதுலயும் இடறிராதுல்ல பவித்ரா?” என்று கேட்டாள் ராமுத்தாய். விடிந்ததிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இடறாதும்மா. செத்த நேரம் சும்மா இரேன்!” என்று எரிந்து விழுந்தாள் பவித்ரா. அம்மா மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பயம்தான் அப்படி வாய் வழியாக வந்துவிட்டது.

வேடசந்தூருக்கு மேற்கே, அவள் அப்பா கண்ணுசாமியின் மானாவாரி நிலத்தின் ஓரத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். பவித்ரா வேலை பார்க்கும் சென்னைத் தனியார் கம்பெனி, செவ்வாய்க் கிரகத்தில் போய் இறங்கக்கூடிய கலம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதன் சின்ன மாதிரியைத்தான் இன்று பறக்கவிட்டு இறக்கிப் பார்க்கப்போகிறார்கள். கலத்துக்குக் கண்ணாக இருக்கும் கேமராவும், அது பார்ப்பதை வைத்து முடிவெடுக்கும் புரோகிராமும் பவித்ராவின் வேலை.

சோதனைக்கு இடம் தேடி எல்லோரும் அலைந்தபோது, “எங்கப்பா நிலத்த ஒரு தடவ வந்து பாருங்க சார்” என்று சொன்னதும் அவள்தான். செம்மண், மேடு பள்ளம், தேங்காய் தேங்காயாகக் கல். ஊரில் யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்காத அந்தக் கல்லுக்காட்டைப் பார்த்ததும் குழுத் தலைவர் ஹாமித் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி பூரித்துப் போனார்.

நேற்றுச் சாயங்காலம் நிலத்தின் நடுவே கொடி நட்டு, இறங்க வேண்டிய இடத்துக்கு வட்டம் போட்டுவிட்டு வந்தார்கள். சாப்பிடும்போது கண்ணுசாமி மகளிடம் மெல்லக் கேட்டார்.

“இம்புட்டுக் கல்லுக்கு நடுவுல அது எப்படித் தாயி எறங்கும்?”

“மேல இருந்தே பாக்கும்ப்பா. கீழ கல்லு கெடந்தா வெலகிப் போயி நல்ல எடமா பாத்து எறங்கும். கல்லு இல்லாட்டி நேரா எறங்கிரும்.”

“வெலகலைன்னா?”

“கவுந்துரும். அப்புறம் என் கண்ணு வேணாம்னு தூக்கிப் போட்டுட்டு, வேற டீம் செஞ்சத மாட்டிருவாங்க. ராப்பகலா ஒழைச்சது அம்புட்டும் போச்சு.” சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

கண்ணுசாமி பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

இன்று காலையில் அவர் கண்கள் சிவந்திருந்தன. “ராத்திரி தூங்கலையாப்பா?” என்று கேட்டாள்.

“தூக்கம் எங்க தாயி வருது?” என்றார். தனக்காக அப்பாவும் இப்படித் தவிக்கிறாரே என்று பவித்ரா நினைத்துக்கொண்டாள்.

கூடாரத்துக்கும் அந்த வட்டத்துக்கும் நடுவில் கருவேலங்காடு மறைத்தது. ஆபத்து என்று கம்பெனி ஆட்களும் இன்று அந்தப் பக்கம் போகவில்லை. திரையில் நகரும் பச்சைப் புள்ளியை வைத்துத்தான் கலம் எங்கே இருக்கிறது என்று தெரியும். கேமரா எடுக்கும் படங்கள் கலத்துக்குள்ளேயே இருக்கும். சூடு ஆறிய பிறகு போய்த்தான் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கூடாரத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்து, காடே அதிர, கலம் எழும்பியது. கருவேல மரங்களில் இருந்த கொக்குகள் சிதறிப் பறந்தன. உயரப் போய், வட்டத்துக்கு நேர் மேலே சற்று நின்று, பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியது. பவித்ரா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இப்ப வெலகணும்” என்றார் ஹாமித்.

பச்சைப் புள்ளி நேராக வந்துகொண்டிருந்தது.

“வெலகு... வெலகு...” பவித்ராவின் உதடுகள் முணுமுணுத்தன. புள்ளி இம்மிகூட நகரவில்லை. நேராக வந்தது, தரையைத் தொட்டது, நின்றது. கலம் பத்திரம் என்று திரையில் எழுத்து வந்தது.

ராமுத்தாய் குலவை போட்டாள். கம்பெனிப் பையன்கள் கை தட்டினார்கள். ஹாமித் மட்டும் தட்டவில்லை.

“வெலகவே இல்லையே பவித்ரா” என்றார்.

“சார்...”

“கல்லு எதையுமே உன் கண்ணு பாக்கல. கண்ண மூடிக்கிட்டு வந்து எறங்கியிருக்கு. கவுராம தப்பிச்சது நம்ம அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்த நம்பி செவ்வாய்க்கு அனுப்ப முடியாதும்மா.” அவருக்கும் வருத்தம்தான். ஆனாலும் போனை எடுத்துச் சென்னைக்குப் பேசினார். “அந்த இன்னொரு டீமோட கண்ணையே மாட்டிருங்க. இது சரிப்படல.”

பவித்ரா அப்படியே மண்ணில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். குலவை பாதியில் நின்றது. கண்ணுசாமி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

“ஏன் தாயி அழுகுற? அதான் பூப்போல எறங்கிருச்சுல்ல?”

“எறங்குனா போதுமாப்பா? கல்லப் பாத்து வெலகியிருக்கணும். வெலகலையே!”

கண்ணுசாமி மனைவியைப் பார்த்தார். ஹாமித்தைப் பார்த்தார். எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னார்:

“அங்க ஏது தாயி கல்லு? ஜல்லிக்கட்டுக்கு முன்னாடி, காளைக்குக் காலு இடறக் கூடாதுன்னு தெடல சுத்தம் பண்ணுவோம்ல... அதே மாதிரி ராவோட ராவா நானும் உங்கம்மாளும் ஒரு கல்லு விடாம பொறுக்கிட்டு, பள்ளத்தையும் நெரவி வச்சுட்டோமே!”