கம்பளித் தொப்பி

மாணவர் பரிமாற்றத்தில் ஓராண்டுக்கு நார்வே வந்திருந்த அகல்யா, மதுரைக்கு வீடியோ காலில் கூப்பிட்டாள். அண்ணன் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தான். போன வாரம் இருந்த மீசையைக் காணோம்.

"அப்பா எங்கண்ணே?"

"தூங்குறாரு. பரீட்சை எப்ப முடியுது?"

"இன்னும் பத்து நாள்."

"நல்லா எழுது. மத்ததெல்லாம் நீ வந்தப்புறம் பேசிக்கலாம்."

அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள், மாரித் என்பவர், திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "மே மாதத்தில் அங்கேயும் குளிரா? கேளேன்."

அகல்யா கேட்டாள். தொப்பிக்கு அடியிலிருந்து வியர்வை அண்ணனின் கன்னத்தில் வழிந்தது. அவன் துடைக்கவில்லை.

"ஆமாத்தா, ரொம்பக் குளிருது."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாரித்திடம் அவர் மொழியில் சொன்னாள்: "தாங்க முடியாத குளிராம்."